பாலக்கோட்டுப் பக்கம் திருத்தொண்டராக இருந்தபோது

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திருத்தொண்டரை எப்படிக் கூப்பிடுவது என்று பலருக்குத் தெரியாது. குருவாகப் படிக்கிற குருமட மாணவர் என்றால் பிரதர், குரு என்றால் ஃபாதர். நடுவில் வருகிறவரை என்னவென்று அழைப்பது? நான் திருத்தொண்டர் பட்டம் பெற்றுப் பங்குக்கு, அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த ஊர்களுக்கு, வந்தபோது இளைஞர்கள் "டீக்கன்" என்றார்கள், மறைக்கல்விப் பிள்ளைகள் "பிரதர்" என்றார்கள், வயதானவர்கள் எதையும் யோசிக்காமல் "தோத்திரம் சாமி" என்று கைகூப்பினார்கள். இப்போது நான் குருவாகி வேறு பங்கில் இருக்கிறேன். திருத்தொண்டர் பட்டம் பெறுகிற தம்பிகள் சிலர் அவ்வப்போது போன் செய்து, "ஃபாதர், பங்குக்கு அனுப்பிட்டாங்க, அங்க என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பட்டம் மூன்று நிலைகளில் இருக்கிறது: ஆயர், குரு, திருத்தொண்டர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, திருத்தொண்டரின் பணியை வழிபாடு, இறைவார்த்தை, அன்புப்பணி என்று மூன்றாகச் சொல்கிறது. திருமுழுக்குக் கொடுக்கலாம். நற்கருணை (ஆண்டவரின் உடலாகப் பூசையில் பெறும் அப்பம்) வழங்கலாம், நோயாளிகளுக்குக் கொண்டுபோகலாம். நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம். அடக்கச் சடங்கை நடத்தலாம். பங்குத்தந்தை முறைப்படி அதிகாரம் கொடுத்தால் திருமணமும் நடத்தி வைக்கலாம். ஆனால் திருப்பலி (பூசை) நிறைவேற்ற முடியாது, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க முடியாது, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க முடியாது. மணமானவர்களும் நிரந்தரத் திருத்தொண்டர்களாகப் பணியாற்ற 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வழி வகுத்தார். மும்பை உயர்மறைமாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாம் பார்க்கிற திருத்தொண்டர்கள் பெரும்பாலும் குருத்துவத்துக்குப் போகும் வழியில் இருப்பவர்கள். இரண்டு பட்டங்களுக்கும் நடுவே குறைந்தது 6 மாத இடைவெளி வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

அந்த மாதங்களைக் குருப்பட்டத்துக்கு நாள் எண்ணும் காலமாகப் பலர் கழித்துவிடுகிறார்கள். அழைப்பிதழ் அச்சடிப்பது, உடுப்பு தைப்பது, முதல் நன்றித் திருப்பலிக்கு ஊரில் ஏற்பாடு செய்வது என்று மனம் அங்கேயே போய்விடுகிறது. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. திருப்பலி வைக்க முடியாத, பாவமன்னிப்புக் கொடுக்க முடியாத ஒருவன் மக்களுக்கு என்ன கொடுக்க முடியும் என்று கண்டுபிடிக்கிற ஒரே காலம் அதுதான். குருவான பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் இருக்காது. ஞாயிறு மூன்று திருப்பலி, பள்ளிக்கூடக் கணக்கு, கட்டட வேலை, திருவிழா என்று ஆண்டு ஓடிவிடும்.

தர்மபுரி மறைமாவட்டம் 1997இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் இதில் அடங்கும். கோவிலூர், எலத்தகிரி, மத்தகொண்டப்பள்ளி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்கள் இருந்தாலும், மொத்தத்தில் நம் மக்கள் இங்கே சிறு தொகைதான். ஒரு பங்குக்குப் பல கிளைக்கிராமங்கள். ஒரு கிராமத்தில் சில குடும்பங்கள், அடுத்த கிராமத்துக்குப் போக மலையைச் சுற்ற வேண்டும். நான் இருந்தது பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் உள்ள தக்காளிச் சீமை. சில வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம் பேசுவார்கள், கோவிலுக்கு வந்தால் தமிழில் செபிப்பார்கள். வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், ஓசூர் கம்பெனிகளுக்கும், திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். வாரநாளில் வீட்டில் இருப்பது தாத்தா பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும்தான். ஆகவே திருத்தொண்டர் தினமும் பார்க்கப்போகிற மக்கள் இவர்கள்தான் என்று முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வெள்ளியிலிருந்து தொடங்குகிறேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவது வழக்கம். பங்குத்தந்தை அந்த வேலையை முழுவதும் என்னிடம் கொடுத்தார். நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பங்கில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். ஆண்டவரைக் கையில் வைத்துக்கொண்டு போகும்போது நடுவில் நிற்கக் கூடாது, ஊர்க்கதை பேசக் கூடாது. இங்கேதான் சிக்கல். நாள் முழுக்கத் தனியாகப் படுத்திருக்கும் பாட்டிக்கு நற்கருணையோடு கூட ஒரு மனுசனின் பேச்சும் வேண்டியிருக்கிறது. "ஏன் சாமி, ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட நேரமில்லையா?" என்று கேட்கும்போது அந்தக் குரலில் இருக்கிற ஏக்கம் காப்பியைப் பற்றியது இல்லை.

அதனால் நான் இரண்டு முறை போகத் தொடங்கினேன். அதே வாரத்தில் செவ்வாயோ புதனோ வெறுங்கையோடு போய் உட்காருவேன். அன்று காப்பி உண்டு, களி உண்டு, பெங்களூரில் இருக்கிற மகனைப் பற்றிய முறையீடு உண்டு. யாருக்கு இந்த மாதம் விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, யாருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை, யார் வீட்டில் சண்டை நடக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை போகும்போது பேச்சு தேவைப்படாது. மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, எரியும் மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எல்லாம் தயாராக இருக்கும். விழுங்க முடியாதவருக்கு மிகச் சிறிய துண்டு போதும், உடனே ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கலாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு முதியவர்களையும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கட்டுப்படுத்தாது. இதை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாமி வரட்டும் என்று பட்டினியாகக் காத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. அது ஆபத்து.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு துன்பத்தையும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை படிவது வெளியே தெரிவது. பல ஆண்டு அதையே குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் போய்விடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகு பல ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைக்கிறது, ஆனால் ஏற்கெனவே இறுகிப்போன எலும்பு திரும்பி வருவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நற்கருணை கொடுக்கும்போது நின்றபடி கொடுத்தால் அவர்களால் நிமிர்ந்து பார்க்க முடியாது. முழங்காலிட்டு, அவர்கள் முகத்துக்கு நேரே நம் முகம் வரும்படி இருந்து கொடுக்க வேண்டும். குருமடத்து வழிபாட்டு வகுப்பில் இதைச் சொல்லித்தர யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்தது, செய்ய முடியாததைப் பற்றி. படுக்கையில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்று தொடங்கிவிடுவார். திருத்தொண்டருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் பாவங்களைச் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே மெல்ல நிறுத்தி, "தாத்தா, நான் இன்னும் குருவாகல. பங்குச் சாமியை இன்னிக்கே வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட வேண்டும். தயங்கினால் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக நம்பிவிடுவார். அது அவருக்குச் செய்கிற அநியாயம். நோயில்பூசுதலுக்கும் இதே விதிதான். பக்கத்துப் பங்குகளின் குருக்கள் எல்லாருடைய எண்ணும் போனில் இருக்கட்டும், ஏனென்றால் நம் பங்குத்தந்தை ஆயர் இல்லத்தில் கூட்டத்தில் இருக்கிற நாளில்தான் அவசரம் வரும்.

குரு வந்து சேரும்வரை என்ன செய்வது? ஓர் இரவு தர்மபுரி அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டது. பங்குத்தந்தை கிருஷ்ணகிரியில் இருந்தார், கிளம்பிவிட்டார். நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அந்த மனிதருக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது, நினைவு இருந்தது. அவர் காதருகில் பாவங்களுக்காக வருந்தும் உத்தம மனஸ்தாப செபத்தை ஒவ்வொரு வரியாக மெதுவாகச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது. பிறகு வீட்டார் எல்லாரும் சேர்ந்து செபமாலையைத் தொடங்கினோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த இந்து அம்மா ஒருவரும் எழுந்து உட்கார்ந்து கைகூப்பிக்கொண்டார். பங்குத்தந்தை வந்து சேர்ந்தபோது அந்த மனிதர் தயாராக இருந்தார். ஒப்புரவு (பாவமன்னிப்பு), பூசுதல், வழியுணவு (சாகும் தறுவாயில் பெறும் நற்கருணை) மூன்றும் பெற்றார். சாகப்போகிறவரின் பக்கத்தில் பயப்படாமல் உட்கார்ந்து, குரு வரும்வரை அவரோடு செபிப்பது முழுமையான பணி. அதைத் தனக்கு அதிகாரம் இல்லாத குறையாக நினைக்க வேண்டாம்.

திருத்தொண்டர் பட்டத்தின்போது நாம் கொடுக்கும் வாக்குகளில் ஒன்று திருப்புகழ்மாலையை, அதாவது காலை, மாலை, இரவு என்று வேளைதோறும் திருப்பாடல்களைச் சொல்லும் செபத்தை, நாள்தோறும் செபிப்பது. திருச்சபைக்காகவும் உலகம் முழுவதற்காகவும். இதைத் தட்டிக்கழிக்கிற சோதனை எல்லாருக்கும் வரும், ஏனென்றால் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. எனக்கு இந்தச் செபத்தின் உயிர் புரிந்தது முதல் வெள்ளி இரவுகளில்தான். வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வருவது 88ஆம் திருப்பாடல். திருப்பாடல்களிலேயே மிக இருண்டது. மற்றப் புலம்பல்கள் கடைசியில் நன்றியிலோ நம்பிக்கையிலோ முடியும், இது இருளிலேயே முடிகிறது. குருமடத்தில் இதைச் சொல்லும்போது யாருக்காகச் சொல்கிறேன் என்று தெரியாது. பகலெல்லாம் நோயாளிகள் வீடுகளுக்குப் போய்விட்டு வந்து இரவு கோவிலில் அதைச் சொன்னபோது, ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டின் குரலாக இருந்தது. வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகிற இளைஞன், பேச்சு வராத பக்கவாத நோயாளி, மகள் பெயரையே மறந்துபோன பாட்டி. அவர்களால் செபிக்க முடியாததை அவர்கள் பெயரில் நான் செபித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வெள்ளி இரவுச் செபத்தை நான் ஒருபோதும் அவசரமாக முடித்ததில்லை. புதிய திருத்தொண்டருக்கு நான் சொல்வது இதுதான்: பகலில் பார்த்த முகங்களோடு திருப்பாடலைச் சொல். பேருந்தில் சொன்னாலும் சரி, மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் சொன்னாலும் சரி.

மறையுரை. இதைப் பற்றித்தான் தம்பிகள் அதிகம் கவலைப்படுகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய நற்செய்தியின் மகிழ்ச்சி என்ற ஊக்கவுரையில் மறையுரைக்கும் அதன் தயாரிப்புக்கும் ஒரு பெரிய பகுதியையே ஒதுக்கியிருக்கிறார், அதை வாசியுங்கள். பின்னர் 2024இல் எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு உதவியது அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு கூட்டம். ஞாயிறு நற்செய்தியைப் புதன்கிழமை மாலை அன்பியத்தில் வாசித்துவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் அவர்களைப் பேசவிடுவேன். மத்தேயு 20ஆம் அதிகாரம், திராட்சைத் தோட்டத்து வேலையாள் உவமை வந்த வாரம். காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. நான் படித்திருந்த விளக்க நூல்கள் எல்லாம் கடவுளின் தாராள மனத்தைப் பற்றிச் சொல்லும். கூலி வேலைக்குப் போகும் ஓர் அக்கா சொன்னார்: "அஞ்சு மணி வரைக்கும் யாரும் கூப்பிடாம நின்னான் பாருங்க சாமி, அன்னிக்கு ரொம்ப கஷ்டப்பட்டவன் அவன்தான். வேலை செஞ்சவனுக்கு உடம்புதான் நோவுது. நின்னவனுக்கு வயித்துல புளி கரைக்கும், வூட்டுக்கு என்னத்த எடுத்துட்டுப் போறதுன்னு." மேஸ்திரி வருவானா என்று விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பழகியவருக்குத்தான் இது தெரியும். அந்த ஞாயிறு நான் பேசியது முழுக்க அவர் சொன்னதுதான், அவர் சம்மதத்தோடு. தயாரிக்க நேரமில்லை என்கிறவர்கள் இந்த ஒரு புதன்கிழமையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

அடக்கத்தில் பேசுவது வேறு விதம். நம் ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. சம்பந்தி வீட்டார், பங்காளிகள், அக்கம்பக்கத்தார், கூட வேலை செய்தவர்கள். சிலர் மாலை போட்டுவிட்டுத் தேங்காய் உடைக்க இடம் தேடுவார்கள். அவர்களைச் சங்கடப்படுத்தாமல், நாம் என்ன செய்கிறோம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி சொன்னால் போதும்: இது திருமுழுக்கை நினைத்துத் தெளிக்கும் தீர்த்தம், இந்த உடல் ஆவியார் குடியிருந்த கோவில் என்பதால் தூபம், உயிர்த்தெழுவார் என்ற நம்பிக்கையில் மண்ணில் விதைக்கிறோம். இறந்தவரைப் புகழ்ந்து பேசுவதை வீட்டாரிடம் விட்டுவிடலாம். உயிர்ப்பை மட்டும் எளிமையாகச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். குடித்துச் செத்தவர், மருந்து குடித்துச் செத்தவர் அடக்கமும் வரும். அங்கே ஒரு சொல்கூடக் குற்றம் சாட்டுவதாக இருக்கக் கூடாது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று மறைக்கல்வி நூல் தெளிவாகச் சொல்கிறது. அதை அந்தத் தாயிடம் நேரில் சொல்லுங்கள். மூன்றாம் நாள், முப்பதாம் நாள் தவறாமல் அந்த வீட்டுக்குப் போங்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் துக்கம் வந்து உட்காரும்.

பதிவேடுகளைப் பற்றிச் சுருக்கமாக. பெங்களூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த கையோடு குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்பார்கள். பெற்றோரோடும் ஞானப் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசாமல் கொடுக்க வேண்டாம். ஞானப் பெற்றோர் 16 வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே பதிவேட்டில் எழுதுங்கள். இருபது ஆண்டு கழித்துத் திருமண ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுத வரும்போது அந்த ஓர் எழுத்துக்காக அந்தப் பிள்ளை அலையக் கூடாது.

திருமணம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் நடக்கிறது. 18 வயது ஆகாத பெண்ணுக்கு ஓலை வாசிக்கக் கேட்டு வருவார்கள், "பையன் நல்ல பையன், விட்டா கைநழுவிப் போயிடும்" என்பார்கள். பள்ளிச் சான்றிதழைப் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. பங்குத்தந்தை முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு, திருத்தொண்டருக்கும் அருட்சகோதரிகளுக்கும் உண்மையான வேலை இருக்கிறது: அந்தத் தாயிடம் பலமுறை போய்ப் பேசுவது, அந்தப் பெண் மேலே படிக்க வழி தேடுவது. பேச்சுக்குக் கட்டுப்படாமல் வெளியே எங்கோ வைத்துக் கட்டிவைக்கப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லத் தயங்க வேண்டாம். ஊரில் சிலர் முகம் திருப்பிக்கொள்வார்கள். பரவாயில்லை.

அன்புப்பணி பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்ற முறையீட்டிலிருந்துதான், முதல் திருத்தொண்டர்களாக மரபு சொல்கிற அந்த எழுவர் தேர்ந்துகொள்ளப்பட்டார்கள். விடுபட்டவர்கள் யார் என்று கேட்பதிலிருந்து இந்தப் பணி தொடங்குகிறது. பங்குக்கு வந்த உடனே உபதேசியாரோடு உட்கார்ந்து குடும்பப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். "இந்த வீட்டுக்குக் கடைசியா எப்ப போனீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. அவர் பதில் சொல்ல யோசித்த வீடுகளை எல்லாம் தனியாகக் குறித்துக்கொண்டேன். அதில் கணவனை இழந்து தனியாக இருந்தவர்கள், சாதி மாறிக் கட்டியதால் ஒதுக்கப்பட்டவர்கள், பெந்தெகோஸ்துக்குப் போய்த் திரும்பி வந்து கூச்சத்தோடு இருந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். முதலில் அந்த வீடுகளுக்குத்தான் போனேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது, மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்க தாலுகா ஆபீசுக்குக் கூடப் போவது, படிப்பை நிறுத்திய பையனை மறுபடி பள்ளியில் சேர்ப்பது, இவையெல்லாம் பீடத்துப் பணிக்குக் கொஞ்சமும் குறைந்தவை இல்லை. 258இல் உரோமையில் மறைசாட்சியாக இறந்த புனித லாரன்சு ஒரு திருத்தொண்டர். திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்டபோது ஏழைகளை அழைத்துவந்து காட்டினார் என்பது மரபு.

பணத்தில் மட்டும் மிகக் கண்டிப்பு வேண்டும். உதவிப் பணத்தைத் திருத்தொண்டர் தன் பையில் வைத்துக்கொள்ளவே கூடாது. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை வழியாகவோ பங்குத்தந்தையின் கையாலோ போகட்டும், கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். பங்குத்தந்தைக்குத் தெரியாமல் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். தினமும் இரவுச் சாப்பாட்டில் அன்று எந்த வீட்டுக்குப் போனோம் என்று அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் பங்குத்தந்தை அதிகம் பேசமாட்டார், ஆனால் நான் சொன்ன வீட்டுக்கு மறுவாரமே போய்விட்டு வந்திருப்பார்.

குருப்பட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அடுத்து வருகிறவருக்காக ஒரு நோட்டுப் புத்தகம் எழுதத் தொடங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். நோயாளியின் பெயர், எந்த நோய், விழுங்க முடியுமா, எந்தக் காதில் பேசினால் கேட்கும், அவசரத்துக்கு எந்த மகனைக் கூப்பிடுவது, கடைசியாகப் பூசுதல் பெற்றது எப்போது, வாசலில் நாய் இருக்கிறதா, எந்தப் பாட்டு பிடிக்கும். வீட்டு ரகசியம் எதையும் அதில் எழுதக் கூடாது, யார் எடுத்துப் பார்த்தாலும் யாருக்கும் அவமானம் வராதபடி இருக்க வேண்டும். முடிந்தால் புதியவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய், ஒவ்வொரு வீட்டிலும் "இனிமே இவர்தான் வருவார்" என்று அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். புதிய திருத்தொண்டர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்றால் உபதேசியாரிடமும் அருட்சகோதரிகளிடமும் அந்த நோட்டைக் கொடுங்கள், அடுத்த முதல் வெள்ளி எந்த வீடும் விட்டுப்போகாமல் இருக்க.